இரண்டரை முதல் நாலு வரை

நாற்பத்தெட்டுக் கட்டங்களில் நாற்பத்தைந்துக்கு நிறம் ஏறிவிட்டது, மூன்று மட்டும் வெள்ளையாகக் கிடந்தன, அந்த மூன்றையும் பார்த்தபடி முத்துப்பேச்சி மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள். மணி பத்தே கால். பதினொன்றுக்குக் கண்காட்சிக்குக் கதவைத் திறந்துவிட்டால் வீட்டு ஆட்கள் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள், அம்மா வருவாள், அண்ணன் பெண்டாட்டி மதினி வருவாள், அவள் இடுப்பில் பிள்ளையும் வரும். இன்னும் முக்கால் மணி நேரம். முக்கால் மணி நேரம் என்றால் ஒன்றரைக் கட்டம் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. பத்து நாளாக இதே பழக்கம், குளித்தால் அரைக் கட்டம், பஸ்ஸில் வந்தால் இரண்டு கட்டம், அம்மா பக்கத்து வீட்டு வாசலில் நின்று பேசினால் ஒரு கட்டம், உலகத்தையே அரை மணி அரை மணியாக நறுக்கிப் பார்க்கிற புத்தி ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது. கருத்தரங்கக் கூடத்தின் மின்விசிறிக்கு அட்டைகள் ஆடின, தெர்மாகோலும் தெர்மாகோலும் உரசிக் கிறீச்சிட்டபோது பல் கூசியது. அவளுடைய அட்டையின் தலையில் ‘ஒரு பெண், ஒரு நாள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது, அதற்குக் கீழே அதிகாலை நாலரையில் ஆரம்பித்து வரிசை வரிசையாகக் கட்டங்கள், சமையலுக்குச் சிவப்பு, துவைப்பதற்கும் தண்ணீருக்கும் நீலம், பிள்ளைக்குப் பச்சை, தூக்கத்துக்குச் சாம்பல், ஓய்வுக்கு மஞ்சள். மஞ்சள் இதுவரை ஒரு கட்டத்தில்கூட வரவில்லை. மஞ்சள் வந்தால் இந்த மூன்றில்தான் வர வேண்டும், மத்தியானம் இரண்டரை முதல் நாலு வரை. நேற்றுச் சாயங்காலம் வரை அதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை, பென்சிலால் லேசாக ‘ஓய்வு’ என்று எழுதியும் வைத்திருந்தாள், இப்போது அழித்த தடம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

யார் சொல்லி வந்தாள் இந்தப் பாடத்துக்கு? ஒருத்தரும் சொல்லவில்லை. அவள் புள்ளியியல் மாணவி, மூன்றாம் வருஷம், துணைப் பாடமாக ஒரு மைனர் எடுத்தே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சட்டம், கம்ப்யூட்டருக்குப் போய் நின்றால் இடம் தீர்ந்துவிட்டது, மிச்சம் யோகாவும் பெண்ணியலும், யோகா காலை ஏழு மணிக்கு, அந்த நேரத்துக்கு அவள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. ஆக, பஸ் கொண்டுவந்து சேர்த்த பெண்ணியல் இது, கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை. வீட்டில் சொன்னபோது அண்ணன் சுயம்பு சோற்றில் கையை வைத்துக்கொண்டே சிரித்தான், பொம்பளையாப் பிறந்துட்டு பொம்பளையப் பத்திப் படிக்க என்னட்டி இருக்கு, கண்ணாடியப் பாத்தாப் போதாதா என்று. அம்மா சிரித்தாள், பேச்சியும் சிரித்தாள், ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மதினியும் சிரித்தாள். மதினி சிரித்தாளா? யோசித்துப் பார்த்தால் மதினி சிரித்தது ஞாபகம் இல்லை, ரசம் ஊற்றிய கைதான் ஞாபகம் இருக்கிறது. பாடமோ பேச்சி நினைத்த மாதிரி இல்லை. வேதியியல், வணிகவியல், தாவரவியல், தமிழ் என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்து உட்கார்ந்த முப்பது பேருக்கு முன்னால் கிரேஸ் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார், அவங்கவங்க பாடத்தை வாசல்ல கழட்டிப் போட்டுட்டு வராதீங்க, அதையும் கூட்டிக்கிட்டு வாங்க என்று. வேதியியல் சப்ரின் அடுப்படிப் புகையை அளந்தாள். தமிழ் படிக்கிற பையன் தாலாட்டில் யார் யார் திட்டு வாங்குகிறார்கள் என்று பட்டியல் போட்டான். பேச்சிக்கு எண்ணத் தெரியும், எண்ணினாள். எண்ண எண்ண ஒரு ருசி வந்தது. இத்தனை நாள் பகடையும் சீட்டுக்கட்டும் பையிலிருந்து எடுக்கும் கறுப்பு வெள்ளைப் பந்துகளுமாக இருந்த கணக்கு முதல் தடவையாக அடுப்படிக்குள் போய் நின்றது, போன பருவத்தில் எழுபத்தெட்டு மார்க் வாங்கினாள், முதுகலையும் இதிலேயே படித்தால் என்ன என்றுகூட ஒரு ஆசை தலையெடுத்திருக்கிறது.

ஒரு பெண்ணின் ஒரு நாளைக் கட்டம் போட்டுக் காட்டுகிற இந்த வேலைக்கு மூன்று விதி இருந்தது. ஆளிடம் கேட்டு எழுதக் கூடாது, பக்கத்திலேயே இருந்து பார்த்து எழுத வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு வேலை. நாள் முடிந்ததும் எழுதியதை அந்த ஆளுக்கே வாசித்துக் காட்டி, சரி என்றால் மட்டும் கையெழுத்து. பேச்சி எடுத்துக்கொண்ட ஆள் மதினி, அவள் கையெழுத்தை முந்தின நாளே வாங்கிவிட்டாள். நாளைக்கு மதினிக்கு வேலை இருக்கும், இப்போது சும்மா நிற்கிறாளே என்றுதான் வாங்கினாள். வெற்றுத் தாள், கீழே ‘பா. பிரம்மசக்தி’ என்று வளைத்து வளைத்துப் போட்ட அழகான கையெழுத்து. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிறவர்களைப் பற்றி முதல் பருவத்தில் ஒரு பாடமே உண்டு, அதை விழுந்து விழுந்து படித்து எழுதியவள்தான் இதைச் செய்தாள். படிக்கிறது ராமாயணம் இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்களே, அந்தக் கதை. இன்னொன்றும் செய்தாள். துறையில் கொடுத்த பட்டியலில் பன்னிரண்டு வகை வேலை இருந்தது, உங்க ஆளுக்குப் பொருந்தாததை அடிச்சிருங்க என்றார்கள், அவள் ஸ்கேல் வைத்து வயல் வேலையை அடித்தாள், கூலி வேலையை அடித்தாள், மூன்றாவதாகப் படிப்பை அடித்தாள். யோசிக்கக்கூட இல்லை. மதினிக்கு இருபத்தேழு வயது, மூன்று வயதில் வடிவு என்று ஒரு பிள்ளை, இதில் படிப்பு எங்கே வரும்? சனிக்கிழமை முழுக்க நோட்டும் கையுமாக மதினி பின்னாலேயே நடந்தாள். நாலரைக்கு எழும்பியதும் மதினி முதலில் போட்டது பேச்சிக்குக் காப்பி, ஐந்து மணிக்குப் படிக்க எழும்புகிறவளுக்கு அரை மணி நேரம் முன்னாடியே அடுப்பு எரிய வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது, முதல் சிவப்புக் கட்டமே தன் படிப்புக்காக எரிந்தது என்று கண்டாள், கண்டும் காப்பியைக் குடித்து முடித்தாள். இட்லி, வாளி, பிள்ளை, மீன் அரிந்தது, தோசைக்கு அரைத்தது, எல்லாம் பார்த்தாள், எல்லாம் எழுதினாள். மத்தியானம் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு மதினி சொன்னாள், மண்டை இடிக்கி பேச்சி, செத்த படுக்கேன். கதவு சாத்தியது. சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேச்சி ஓய்வு, ஓய்வு, ஓய்வு என்று மூன்று தடவை எழுதினாள். பாவம் தூங்கட்டும் என்றுகூட நினைத்தாள்.

நேற்றுச் சாயங்காலம் வியாழக்கிழமை, அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், அண்ணன் இன்னும் ஆட்டோவைக் கொண்டு வந்து விடவில்லை. பேச்சி கூடத்தில் அட்டையை விரித்துப் போட்டு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள், மதினி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தாள். மதினியின் கண் கட்டம் கட்டமாக நடந்து வந்து மத்தியானத்தில் நின்றது. பென்சில் எழுத்தைப் பார்த்தாள். அங்கன ஓய்வுன்னு போடாத பேச்சி என்றாள், சத்தமே இல்லாமல். ஏன் என்று பேச்சி கேட்பதற்குள் எழுந்து போய் பீரோவின் அடித்தட்டில், பிள்ளைக்குச் சின்னதாகிப் போன கவுன்களுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டையும் மடித்த தாளையும் எடுத்து வந்து மடியில் வைத்தாள். தாள் பரீட்சை ஹால் டிக்கெட். பழைய மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த சிறப்பு வாய்ப்பு, இதுதான் கடைசி என்று அதிலேயே அச்சடித்திருந்தது. “ஒரு பேப்பர் நிக்கி, பேச்சி. இயற்கணிதம். அஞ்சு மாசமா மத்தியானம் கதவச் சாத்திட்டு அதத்தான் படிக்கேன். கார்டுல பி.எஸ்ஸி.ன்னு அடிச்சாச்சு, கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முன்னாடி ரிசல்ட்டு வந்துச்சு. எங்கப்பா யார்ட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னுட்டாங்க. ஒங்க அண்ணனுக்குத் தெரியாது. அத்தைக்கும் தெரியாது.” அந்தக் கல்யாணக் கார்டு பேச்சிக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மஞ்சள் தடவிய மூலைகளோடு ஊரெல்லாம் கொடுத்துவிட்டு வந்தவளே அவள்தான், பேருக்குப் பின்னால் அந்த மூன்று எழுத்தையும் அம்மா விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஆறு வருஷமாக அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எம் மருமவ பி.எஸ்ஸி. என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள். பேச்சி என்ன சொன்னாள்? சரி மதினி என்றாள். பொய் போட வேண்டாம், ஆனா நீ போடுதத அத்தை பாப்பாங்கல்லா என்றாள் மதினி, அதற்குள் குக்கர் விசிலடித்தது, எழுந்து போய்விட்டாள், அம்மாவும் வந்துவிட்டாள், பேச்சு அதோடு நின்றது.

போன மாதம் பேச்சி ஒரு மேட்ரிக்ஸ் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வாளியோடு கடந்து போன மதினி, ரெண்டாவது வரிசைய மேல தூக்கிப் போட்டுப் பாரு என்று சொல்லிவிட்டுப் போனாள், கணக்கு விழுந்தது. ஆறு வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று பேச்சி அதிசயப்பட்டாள். அதிசயப்பட்டதோடு சரி. ஆறு வருஷ ஞாபகம் இல்லை அது, முந்தின நாள் மத்தியானத்து ஞாபகம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேச்சி பெண்களின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு என்று அடிக்கோடு போட்டுப் படித்தாள், அந்தப் பக்கம் ஒருத்தி கண்ணுக்குத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தாள். அவமானமாக இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, எதற்குச் சந்தோஷம் என்றுதான் விளங்கவில்லை. சரி, கட்டத்துக்கு வா. மஞ்சள் அடித்தால்? அம்மா பார்ப்பாள், மத்தியானம் பக்கத்து வீட்டில் பேசப் போகிறவளுக்கு இந்தக் கதவு சாத்துவது இதுவரை தெரியாது. பகல்ல ஒண்ணரை மணி நேரம் கட்டையச் சாய்க்கிறாளா, அந்த நேரத்துல ரெண்டு வடகம் பிழிஞ்சு காயப் போட்டா ஆகாதா என்பாள், கெட்டவள் இல்லை அம்மா, ஆனால் காலியாக ஒரு நேரம் கண்ணில் பட்டால் அதில் ஒரு வேலையை வைத்துப் பார்க்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது, அவளை அப்படித்தான் வளர்த்தார்கள். நாளையிலிருந்து அந்தக் கதவு சாத்தாது. பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. சிவப்பு அடித்தால்? பொய். புள்ளியியல் படிக்கிறவள் மனசறிந்து கட்டத்தை மாற்றினால் அப்புறம் எந்த எண்ணையும் அவள் நம்ப முடியாது. உள்ளதைப் போட்டால்? உள்ளதைப் போட்டால் ஆறு வருஷத்துப் பி.எஸ்ஸி. இந்தக் கூடத்தில் எல்லார் முன்னாலும் அவிழும், அம்மா முகம் போகிற போக்கு, அண்ணன் காதுக்கு வீடு திரும்புவதற்குள் போய்விடும், மதினி முகத்தை அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. மஞ்சள், சிவப்பு, உண்மை. மறுபடி மஞ்சள். செக்கு மாடு மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் நின்றது மனசு.

பக்கத்து அட்டையிலிருந்து சப்ரின் எட்டிப் பார்த்தாள். அதென்ன மூணு பல்லு விழுந்த மாதிரி இருக்கு என்று கேட்டாள், தன் பேனாப் பெட்டியையும் நீட்டினாள், பன்னிரண்டு நிறம். பேச்சி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்கெட்ச் மையின் வாடை, முந்தின நாள் கழுவிவிட்ட தரையின் பினாயில் வாடை, தன் தலையில் வைத்த பிச்சிப்பூவின் வாடை மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாமல் மூக்கில் ஏறின. கிரேஸ் மேடம் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இவளிடம் வந்தபோது பேச்சி எழுந்து நின்றாள். மேடம் வெள்ளைக் கட்டங்களைப் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார், இது விடுபட்டதா அல்லது ஒண்ணும் நடக்கலையா என்று கேட்டார். விடுபட்டது மேடம் என்றாள் பேச்சி. உங்க பாடத்துல விடுபட்டா என்னம்மா செய்வீங்க என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த அட்டைக்குப் போய்விட்டார். என்ன செய்வார்கள்? அது இரண்டாம் வருஷத்துப் பாடம். விடுபட்ட மதிப்பு பூஜ்யம் ஆகாது, பூஜ்யம் என்று போடுகிறவன் பிழை செய்கிறான். ஒன்று, அந்த ஆளையே கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். இல்லையா, அக்கம்பக்கத்தைப் பார்த்துச் சராசரியாக ஒன்றை இட்டு நிரப்பலாம். அதுவும் இல்லையென்றால் அந்த ஆளிடமே திரும்பப் போய்க் கேட்கலாம், இதற்கு நேரம் பிடிக்கும், ஆகவே பெரும்பாலும் யாரும் செய்வதில்லை என்று புத்தகத்திலேயே போட்டிருக்கும். பேச்சி இரவெல்லாம் இட்டு நிரப்பத்தான் பார்த்திருக்கிறாள். மதினிக்கு எது நல்லது, மதினிக்கு எது ஆபத்து, அம்மா என்ன சொல்லுவாள், அண்ணன் என்ன சொல்லுவான் என்று எல்லாரையும் மனசுக்குள் பேசவிட்டாள், மதினியை மட்டும் கேட்கவில்லை. அதிலும் மதினி நேற்று வலிய வந்து சொன்னாளே, யார் சொல்லச் சொன்னது? பேசாமல் இருந்திருந்தால் மஞ்சளோடு போயிருக்கும், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. ஓய்வு என்கிற அந்த வார்த்தையை அவளால் பொறுக்க முடியவில்லை. ஐந்து மாதமாக அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் ஓயவே இல்லை, அதைப் போய் ஓய்வு என்று ஊர் பார்க்க மாட்டுவதா? பயமும் இருக்கிறது, ரோஷமும் இருக்கிறது. இரண்டையும் எடை போட வேண்டியவள் அவள்தான், நான் இல்லை என்று தோன்றியதும் பேச்சிக்குத் தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது, கேட்டால் என்ன ஆகுமோ என்கிற பயம் மட்டும் இறங்கவில்லை. மஞ்சள் பேனாவின் மூடியை இறுக்கிப் போட்டுப் பெட்டியில் வைத்தாள். அம்மா அட்டைப் பக்கம் வருவதற்குள் மதினியைத் தனியாகப் பிடிக்க வேண்டும், தண்ணீர் குடிக்க என்று வராந்தாவுக்குக் கூட்டிப் போய்விடலாம்.

நாம் ஒன்று நினைத்தால் பஸ் ஒன்று நினைக்கும் என்பது பேச்சியின் அனுபவம், இன்றைக்கு அண்ணனுடைய ஆட்டோ நினைத்தது. சவாரி இருக்கிறது என்று பத்தே முக்காலுக்கே மூன்று பேரையும் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான், அம்மா காவலாளியிடம் என்ன சொன்னாளோ, கதவு திறக்குமுன்னே உள்ளே வந்து நின்றாள். அம்மாவின் கையைப் பிடித்த மாதிரியே மதினியும் பின்னால் வந்தாள், தனியாகப் பிடிக்க ஒரு இடுக்குகூடக் கிடைக்கவில்லை. அம்மா நேரே அட்டைக்கு முன்னால் போய், இதுதானா நீ பத்து நாளா உக்காந்து வரைஞ்சது என்றாள். மதினி அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் நாள் ஒரு சுவர் அளவுக்கு விரிந்து மாட்டியிருப்பதை யார்தான் பார்த்திருக்கிறார்கள், நாலரை, ஐந்து, ஐந்தரை என்று அவள் உதடு அசைந்தது, ஒவ்வொரு கட்டமாகப் போய் இரண்டரையில் நின்றது. மூணு கட்டம் வெள்ளையா விட்டிருக்கியே, மை தீந்துட்டா என்று கேட்டாள் அம்மா. இப்போது கேட்கக் கூடாது, இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது, ஆமாம்மா தீந்துட்டு என்று சொல்லித் தப்பிக்க ஒரு நொடி இருந்தது, அந்த நொடியும் போய்விட்டது. பேனாப் பெட்டியைப் பேச்சி நீட்டினாள், அம்மா பக்கம் இல்லை, மதினி பக்கம்.

“மதினி, இது ஒங்க நாளு. இந்த மூணுக்கும் நீங்கதான் சொல்லணும். வெள்ளையாவே இருக்கட்டும்னாலும் சரி, நான் அப்படியே விட்டிருதேன்.”

மதினி பெட்டியைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று பேச்சியால் எண்ண முடியவில்லை, பத்து நாளில் முதல் தடவையாக நேரம் கட்டத்துக்குள் நிற்கவில்லை. பிறகு மதினி பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிப் பேச்சியிடம் கொடுத்தாள், வடிவு கனமாக இருந்தாள், கழுத்தில் பவுடர் வாசனை. மதினி ஊதாவை எடுத்தாள். அட்டையில் எங்கேயும் இல்லாத நிறம். மூன்று கட்டத்தையும் கோட்டைத் தாண்டாமல், அவசரமில்லாமல் நிரப்பினாள், கீழே நிறங்களுக்கு விளக்கம் எழுதியிருந்த இடத்தில் ஒரு சின்னச் சதுரம் போட்டு அதற்கும் ஊதா அடித்து, பக்கத்தில் அந்த வளைந்த கையெழுத்தில் ‘படிப்பு’ என்று எழுதினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து எழுத்துக் கூட்டினாள். யாருக்குப் படிப்பு என்று கேட்டாள். எனக்குத்தான் அத்தை, ஒரு பேப்பர் நிக்கி, கல்யாணத்துக்கு முன்னாடியே நின்னது, இப்பம் எழுதப் போறேன் என்றாள் மதினி.

அம்மா சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள், யாராவது கேட்டுவிட்டார்களா என்று. சப்ரின் தன் அட்டையை முறைத்துப் பார்த்துக்கொண்டு கேட்காத மாதிரி நின்றாள். அம்மாவின் முகத்தில் ஆறு வருஷத்து மருமகள் பெருமை ஒவ்வொரு வீட்டு வாசலாகத் திரும்பிப் போய்க்கொண்டிருப்பது பேச்சிக்குத் தெரிந்தது, காது இரண்டும் சிவந்துவிட்டன, இப்போது வெடிக்கப் போகிறாள் என்று நினைத்துப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். சுயம்புக்குத் தெரியுமா என்று அம்மா கேட்டாள். தெரியாது அத்தை. அம்மா மறுபடி அட்டையைப் பார்த்தாள், இந்தத் தடவை மூன்று கட்டத்தை இல்லை, மேலே நாலரையிலிருந்து கீழே கடைசிக் கட்டம் வரை, விரலை ஒவ்வொரு வரிசையிலும் வைத்து இழுத்துக்கொண்டே வந்தாள், சிவப்பு, சிவப்பு, நீலம், பச்சை, சிவப்பு. எம்புட்டுக் கட்டம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், திரும்பப் போட்டாள்.

“என்னைக்குப் பரீட்சை?”

“ஏப்ரல் பதினேழு, அத்தை.”

“காலையிலயா, மத்தியானமா?”

கூடாது என்று சொல்லப் போகிறவள் காலையா மத்தியானமா என்று கேட்க மாட்டாள். பேச்சிக்கு அம்மாவை இருபது வருஷமாகத் தெரியும், அது புரிய ஒரு நொடிதான் ஆயிற்று, மதினிக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் ஆயிற்று. காலையில அத்தை, பத்து மணிக்கு என்று மதினி சொன்னபோது அவள் கண் நிறைந்திருந்தது, ஊதாப் பேனாவின் மூடியைப் போட மறந்து விரலெல்லாம் மை. அம்மா அதைப் பார்க்காத மாதிரி, பிள்ளையை இங்க தா என்று பேச்சியிடம் இரண்டு கையையும் நீட்டினாள்.